சொல் மங்காத கிட்டார்: வீட்டில் பதிந்த பாப் பாடலைக் கலக்கும் முறை

கிட்டாரை நடுவில் வைத்துப் பாடல் செய்யும் நம் இளைஞர்கள் தங்கள் பதிவைக் கொண்டுவந்து காட்டும்போது, பெரும்பாலும் ஒரே குறையைத்தான் கேட்கிறேன். கிட்டார் ட்ராக்கைத் தனியாக ஓடவிட்டால் அது அகலமாகவும் பளிச்சென்றும் இருக்கிறது. குரலைத் தனியாகக் கேட்டால் அதுவும் நன்றாகவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்ததும் பாட்டின் வரிகள் மங்கிவிடுகின்றன. உடனே குரலின் ஃபேடரை (ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுபிடியை) ஏற்றுகிறார்கள், கிட்டார் மெலிந்துபோகிறது, அதற்காகக் கிட்டாரை ஏற்றுகிறார்கள், பிறகு மீண்டும் குரலை ஏற்றுகிறார்கள், கடைசியில் எல்லா ஒலியும் சேரும் மாஸ்டர் ட்ராக்கில், அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. என் அனுபவத்தில் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி மிக்ஸிங்கில், அதாவது கலவையில், பிறப்பதில்லை. எந்த இடத்தில் கார்டு பிடிப்பது, மைக்கை எங்கே நிறுத்துவது, எந்த வரியில் கிட்டார் ஒதுங்கி நிற்பது என்ற முந்தைய முடிவுகளில்தான் அது பிறக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் பதிவுக்கும் கலவைக்கும் ஏறத்தாழச் சம அளவு கவனம் தருகிறேன்.

காரணம் எளிது. வழக்கமான ட்யூனிங்கில் கிட்டாரின் ஆறாவது கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸிலும், முதல் கம்பி திறந்த நிலையில் ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன; அவற்றின் மேலோசைகளும் பிக் கம்பியில் படும் சத்தமும் 5000 ஹெர்ட்ஸைத் தாண்டிச் செல்கின்றன. மனிதக் குரலின் சுருதியும், சொல்லைச் சொல்லாக அடையாளம் காட்டும் ஒலிகளும் அதே பரப்பில்தான் இருக்கின்றன. இதில் தமிழுக்கென்று ஒரு கூடுதல் நுட்பம் உண்டு. ல, ள, ழ ஆகிய மூன்றையும் காது பிரித்தறிய உதவும் வேறுபாடு பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. ஆங்கிலப் பாடல்களுக்காகச் செய்யப்பட்ட பயிற்சிக் காணொளிகள் பல, கிட்டார் முன்னால் வர வேண்டுமானால் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றுங்கள் என்று சொல்கின்றன. தமிழ்ப் பாட்டில் அதை அப்படியே செய்தால், பாடகர் எவ்வளவு அழகாக ழகரத்தை உச்சரித்திருந்தாலும் அது தட்டையாகிவிடும்.

அறையும் காற்றும்

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளின் அறைகள் பொதுவாகக் கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்டவை. கைதட்டிப் பார்த்தால் கூர்மையான எதிரொலி ஒன்று உடனே திரும்பி வரும். பதிவில் அது ஒட்டிக்கொண்டால் எந்தப் பிளக்-இன்னாலும் (ஒலியை மாற்றும் துணை மென்பொருளாலும்) முழுமையாக நீக்க முடியாது. பாடகருக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வைப்பதும், தரையில் தடித்த கம்பளம் விரிப்பதும், துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பதும் நடு, மேல் அதிர்வெண்களுக்கு நல்ல பலன் தரும். சுவரில் ஒட்டும் மெல்லிய முட்டைத்தட்டு வடிவ நுரைப்பஞ்சு கீழ் ஒலியை ஒன்றும் செய்யாது; அதே பணத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் (பாறையிழைப் பஞ்சு) பலகைகளை வாங்கித் துணியால் மூடி மூலைகளில் நிறுத்துவது எவ்வளவோ மேல். இரண்டு சுவர்களுக்கு இடையே 3 மீட்டர் உள்ள அறையில் ஏறத்தாழ 58 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கும். அறையின் நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் அந்தத் தேக்கம் இரட்டிப்பாகும். அப்படிப்பட்ட சதுர அறையில் நடுமையத்தில் உட்கார்ந்து மிக்ஸ் செய்யாதீர்கள்.

நம் ஊர்ப் பதிவில் பலரும் கவனிக்காத ஒன்று ஏர்கான். அதன் இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் பதிவின்போது அணைத்துவிடுகிறோம், அது சரிதான். ஆனால் குளிர்ந்த அறையில் ட்யூன் செய்த எஃகுக் கம்பிகள், அறை சூடேற ஏறச் சற்றே நீண்டு, சுருதி மெல்ல இறங்கும். முதல் டேக்கும் ஐந்தாவது டேக்கும் ஒன்றோடொன்று சேராமல் போவதற்கு வாசிப்பவரின் கையைவிட இதுவே பல நேரம் காரணம். எனவே ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூனரைப் பார்ப்பதைக் கட்டாய வழக்கமாக்குங்கள். இரண்டு கிட்டார்களை இடமும் வலமும் வைக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே அமர்வில், ஒரே வெப்பநிலையில் பதிவது நல்லது.

ஈரப்பதமும் அதே அளவு முக்கியம். மரக் கிட்டார் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் நலமாக இருக்கும். நம் ஊரின் வெளிக்காற்றில் அது பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல். மரம் ஈரத்தை உறிஞ்சினால் மேற்பலகை உப்பும், கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து உயரும், கார்டு அழுத்தும்போது சுருதி பிறழும், ஓசையும் மந்தமாகும். கண்டென்ஸர் மைக்கின் உள்ளே ஈரம் படிந்தால் பொரிவது போன்ற சத்தம் கேட்கும். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் டிரை கேபினட் ஒன்று மைக்குகளுக்குப் போதும். கிட்டாருக்கு மூடிய பெட்டியும் ஈரப்பதத்தைச் சமன்செய்யும் பைகளும் போதும். மாலை நேர மழை, மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுப் பிரஷர் குக்கர் ஆகியவற்றுக்கு நேரத்தைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

அக்கூஸ்டிக் கிட்டாரைப் பதிதல்

புதிய கம்பிகளைப் பதிவுக்கு முந்தைய நாள் மாற்றி, நன்றாக இழுத்துவிட்டு, ஒரு மணி நேரமாவது வாசித்துப் பழக்குங்கள். அன்றே மாற்றிய கம்பி சுருதியில் நிற்காது. மாதக்கணக்கில் வியர்வை பட்ட கம்பிக்கு, அதிர்வெண் பகுதிகளை ஏற்றி இறக்கும் ஈக்யூவால் உயிர் கொடுக்க முடியாது.

மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைப்பதுதான் தொடக்கநிலையில் மிகுதியாகக் காணும் பழக்கம். அங்கே 100 ஹெர்ட்ஸைச் சுற்றி உடலின் காற்றதிர்வு பெருத்து வரும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, மைக்கின் முகத்தைக் கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி லேசாகத் திருப்புங்கள். பிறகு ஹெட்ஃபோன் அணிந்த ஒருவர் மைக்கை ஒரு விரற்கடை, இரு விரற்கடை என்று நகர்த்திக்கொண்டே கேட்க வேண்டும். செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நடந்த பதிவு ஒன்றில், மழையைப் பற்றிய ஒரு வரி எவ்வளவு முயன்றும் மலையைப் பற்றியதாகவே காதில் விழுந்தது. பாடியவரின் உச்சரிப்பில் குறையே இல்லை. தடித்த பிக்கால், கம்பிகள் உடலில் தங்கும் பாலத்துக்கு அருகே அடித்த ஸ்ட்ரம், சரியாக அந்த அசையின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மெல்லிய பிக்கை எடுத்து, கையை ஒலித்துளையின் மேற்பக்கம் கழுத்தை நோக்கி நகர்த்தி, மைக்கை ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் கீழ்நோக்கிய அடியை மேல்நோக்கிய மெல்லிய அடியாக மாற்றினோம். ஃபேடர்களைத் தொடாமலேயே ழகரம் வந்துவிட்டது.

இரண்டு மைக் வைக்க விரும்பினால், இரண்டையும் ஒரே புள்ளியில் 90 டிகிரிக் கோணத்தில் குறுக்காக வைக்கும் எக்ஸ்-ஒய் முறையிலிருந்து தொடங்குங்கள். இடமும் வலமும் ஒன்றாகச் சேரும் மோனோவில் அது உடையாது. பிரித்து வைத்தால், கிட்டாருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இரு மைக்குகளுக்கு இடையே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒலி ஒரு மைக்கை மற்றதைவிடச் சற்றுத் தாமதமாக அடைந்து, இரண்டும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பதிவளவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். மிகப் பலமான ஸ்ட்ரம் மைனஸ் 10 டெசிபலைச் சுற்றியும், சராசரி மைனஸ் 18-ஐச் சுற்றியும் நின்றால் கலவையில் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

எலெக்ட்ரிக் கிட்டார்

வீட்டில் ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) உரக்க ஓடவிட முடியாதவர்கள் கிட்டாரை நேரடியாக, ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகலாம். இன்ஸ்ட்ருமெண்ட் என்று குறிக்கப்பட்ட துளையைத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் மின்தடை ஏறத்தாழ 1 மெகா ஓம் இருப்பதால், கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்பின் மேலோசை குறையாமல் வரும். லைன் துளையில் செருகினால் ஒலி போர்வை போர்த்தியது போலாகிவிடும். இந்த நேரடிப் பதிவை மாற்றாமல் ஒரு ட்ராக்கில் வைத்துக்கொண்டு, ஆம்பின் ஒலியைப் போலச் செய்யும் ஆம்ப் சிமுலேட்டரை அதன்மேல் பிளக்-இன்னாகப் போடுங்கள். பாட்டு முழுவதும் அமைந்த பிறகு ஆம்பை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் கையில் மூலம் இருக்கும்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால், சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டாரில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று இரைச்சல் வரிசையாக வரும். கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் அது வெகுவாகக் குறையும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுவதும், டிம்மர் விளக்கை அணைப்பதும் பல நேரம் மீதியைத் தீர்த்துவிடும்.

உண்மையான ஆம்ப் வேண்டுமானால், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோ ஒன்றில் அரை நாள் எடுத்துக்கொள்ளலாம். 1975-ல் அறிமுகமான ரோலண்ட் ஜேசி-120 இத்தகைய இடங்களில் பரவலாகக் காணப்படும் ஆம்ப். அதன் புகழ்பெற்ற கோரஸ் ஒலி, ஒரு ஸ்பீக்கரில் நேரடி ஒலியும் மற்றதில் அலையும் சுருதியுள்ள ஒலியும் வந்து காற்றில் சேர்வதால் உண்டாவது. ஆகவே ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் மைக் வைத்தால் கோரஸில் பாதிதான் கிடைக்கும். இரண்டுக்கும் தனித்தனி மைக் வைத்து இடமும் வலமும் பிரியுங்கள். ஷ்யூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கை வலைத்துணியை ஒட்டி வைத்து, கூம்பின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நகர்த்தினால் ஒலி கூர்மையிலிருந்து மென்மைக்கு மாறும். பாட்டுக்குத் துணையாக வாசிக்கும் கிட்டாருக்கு நடுவிலிருந்து சற்று விலகிய இடமே பெரும்பாலும் பொருந்தும்.

இரட்டிப்பதும் பிரித்து அமைப்பதும்

அகலமான பாப் ஒலிக்கு அடிப்படை, ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து ஒன்றை இடக்கோடியிலும் மற்றதை வலக்கோடியிலும் வைப்பது. ஒரே பதிவைப் படியெடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது. நடுவில் ஒலி பெருக்கும், அவ்வளவுதான். படியெடுத்ததை 20 மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் ஸ்டீரியோவில் அகலம்போலத் தோன்றும், ஆனால் கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் ஒலி குடைந்து வெறுமையாகிவிடும். உண்மையாக இரண்டு முறை வாசிப்பதைத் தவிர இதில் குறுக்குவழி கிடையாது.

இரண்டாவது முறை வாசிக்கும்போது அதே இடத்தில் அதே கார்டைப் பிடிக்க வேண்டியதில்லை. டி மேஜரில் உள்ள பாட்டுக்கு ஒரு கிட்டார் திறந்த டி வடிவிலும், மற்றது ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) வைத்து ஏ வடிவிலும் வாசித்தால், சுருதி ஒன்றாகவே இருந்தும் இரண்டு கிட்டார்களும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். பன்னிரண்டு கம்பி செட்டிலிருந்து மெல்லிய கம்பிகளை எடுத்து ஆறு கம்பிக் கிட்டாரில் போட்டு வாசிக்கும் முறையும் இதற்கு மிக உகந்தது. கீழ்ப்பகுதி முழுவதும் பாஸ் கிட்டாருக்கும் குரலுக்கும் விடுபட்டுவிடும். பல்லவியில் நிறைந்து ஒலித்த கிட்டார் சரணத்தில் பாதியாகக் குறைவதும், வரி முடியும் இடைவெளியில் மட்டும் ஒரு சிறு அலங்காரம் வருவதும் எந்தக் கம்ப்ரெஸராலும் (உரத்த இடங்களை அடக்கி ஒலியளவைச் சமன்செய்யும் கருவியாலும்) தர முடியாத தெளிவைத் தருகின்றன. மிருதங்கத்திலும் தவிலிலும் காது பழகிய நமக்கு, பாடகருக்கு இடம்விட்டு வாசிப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிட்டாரிலும் அதையே எதிர்பார்க்கலாம்.

கலவை

என் முறை, குரலை முதலில் வைத்து அதன்மேல் மற்றவற்றைக் கூட்டுவது. டிரம்ஸிலிருந்து தொடங்குவோர் பலர் உண்டு. வரிகள் முதன்மையான பாட்டுக்குக் குரலிலிருந்து தொடங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. குரலை வசதியான அளவில் வைத்து, பாஸை அதற்கடியில் கொண்டுவந்து, பிறகு கிட்டார்களைச் சொல் மங்கத் தொடங்கும் வரை ஏற்றி, அங்கிருந்து ஒரு டெசிபல் இறக்குங்கள். ஈக்யூ, கம்ப்ரெஸர் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஈக்யூவில் முதலில் வெட்டுங்கள். பாஸ் கிட்டார் இருக்கும் பாட்டில் அக்கூஸ்டிக்குக்கு 100 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழுள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போடலாம். குரலும் கிட்டாரும் மட்டுமே உள்ள பாட்டில் 70-க்கு மேல் போகாதீர்கள், உடல் போய்விடும். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை எல்லாக் கருவிகளும் குவிவதால், 250-ஐச் சுற்றி அகலமாக 2 அல்லது 3 டெசிபல் குறைத்தால் மூட்டம் விலகும். 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் பகுதியில், குரல் பாடும்போது மட்டும் கிட்டாரைக் குறைக்கும்படி, கிட்டார் ட்ராக்குகள் ஒன்றாகச் சேரும் கிட்டார் பஸ்ஸில் ஒரு டைனமிக் ஈக்யூவை வைத்து, அதை இயக்கும் ஒலியைப் பெறும் சைடுசெயினில் குரலைக் கொடுங்கள். 2 டெசிபல் இறங்கினால் போதும். குரல் நின்றவுடன் கிட்டார் தானாக மேலே வருவதால், கேட்பவருக்குக் கிட்டார் குறைந்ததே தெரியாது. கிட்டாருக்குப் பளபளப்பு வேண்டுமானால் 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் சற்று ஏற்றுங்கள். ஈக்யூவை ஸோலோவில், அதாவது ஒரு ட்ராக்கை மட்டும் தனியாகக் கேட்டபடி, திருகுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்கச் சற்று மெலிந்து தெரியும் கிட்டார்தான் பாட்டுக்குள் சரியாக உட்காரும்.

ஸ்ட்ரம்மிங்கின் கம்ப்ரெஷனில், கம்ப்ரெஸர் அடக்கத் தொடங்க எடுக்கும் ஆட்டாக் நேரம்தான் உயிர். 3-க்கு 1 விகிதத்தில், 20 முதல் 30 மில்லிசெகண்ட் ஆட்டாக் வைத்து, 3 டெசிபல் அளவுக்கு இறங்கவிட்டால் பிக் படும் துடிப்பு நிற்கும். ஆட்டாக்கை மிக வேகமாக வைத்தால் தாளம் சோர்ந்துவிடும். குரலில் ஒரே கம்ப்ரெஸரைக் கடுமையாக அழுத்துவதைவிட, இரண்டை அடுத்தடுத்து மென்மையாக வைப்பது இயல்பாக இருக்கும். அதற்கும் முன்னால், வரி வரியாக ட்ராக்கின் அளவைக் கையால் ஏற்றி இறக்குங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் தொழில்முறைப் பதிவுக்கும் வீட்டுப் பதிவுக்கும் நான் காணும் மிகப் பெரிய வேறுபாடு இதுவே.

ரிவெர்ப்பை (அறையின் எதிரொலி போன்ற விளைவை) ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனியாகப் போடாமல், ஒரு பஸ்ஸில் வைத்து எல்லாவற்றிலிருந்தும் அனுப்புங்கள். அந்தப் பஸ்ஸில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10000-க்கு மேலேயும் வெட்டும் முறை லண்டன் ஆபி ரோட் ஸ்டூடியோவின் பெயராலேயே அறியப்படுகிறது. இன்றும் அது கைகொடுக்கிறது. குரலின் ரிவெர்ப்புக்கு 30 மில்லிசெகண்ட் அளவில் முன்தாமதம் கொடுத்தால் சொல் முதலிலும் அறை பின்னாலும் வரும். குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும் மொழியில் நீண்ட ரிவெர்ப் வால் ஆபத்தானது. வேகமான பாட்டில் அதைக் குறைத்து, பதிலாக, ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் டிலே பயன்படுத்துங்கள். 60000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால்) வகுத்தால் ஒரு தாள அடிக்கான மில்லிசெகண்ட் கிடைக்கும். டெம்போ 96 என்றால் அடிக்கு 625, அரை அடிக்கு 312.5.

கேட்டுப் பார்த்தல்

இரவில் அண்டை வீட்டாரை எண்ணிச் சத்தத்தைக் குறைத்து மிக்ஸ் செய்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். குறைந்த ஒலியளவில் நம் காதுக்குக் கீழ் அதிர்வெண்கள் இன்னும் குறைவாகவே கேட்கும். 1933-ல் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்விலிருந்து இது நன்கறியப்பட்டது. அதனால் இரவில் பாஸை ஏற்றிவிட்டுக் காலையில் திகைக்க நேரிடும். குரலுக்கும் கிட்டாருக்கும் உள்ள விகிதத்தைக் குறைந்த ஒலியில் முடிவு செய்யலாம், அதற்கு அது மிக நல்லது. பாஸை மட்டும் பகலில் சற்று உரக்க வைத்து, நீங்கள் நன்கறிந்த ஒரு வெளியீட்டோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து மோனோ பொத்தானை அழுத்துங்கள். இரு பக்கக் கிட்டார்களும் நடுவுக்கு வந்து குரலோடு மோதும் நிலையிலும் வரிகள் புரிந்தால் கலவை உறுதியானது. கைப்பேசி ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றையும் தராது. பாஸ் அங்கே மறைந்துபோனால், அதில் லேசான ஸாச்சுரேஷன் (மென்மையான ஒலிச்சிதைவு) சேர்த்து மேலோசைகளை உண்டாக்குங்கள். பிறகு காரில் ஏறி ஃபெடரல் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசலில் ஒரு சுற்று. நம் மக்கள் பாட்டுக் கேட்கும் இடம் பெரும்பாலும் அதுதான். ஏர்கான் காற்றும் டயர் இரைச்சலும் சேர்ந்த சூழலில் எந்த வரி நழுவுகிறது என்று பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள். பாடலை எழுதியவருக்கு வரிகள் மனப்பாடம் என்பதால் அவருடைய காது இதில் நம்பத்தக்கதன்று.

ஒலியளவைப் பொறுத்தவரை ஸ்பாட்டிஃபை பாடல்களை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பின் அலகு) அளவுக்குச் சமன்செய்கிறது. அந்த எண்ணைத் துல்லியமாக எட்ட வேண்டும் என்பதில்லை, ஆனால் அதைவிட மிகவும் உரக்க நசுக்கிய மாஸ்டர் அங்கே இறக்கப்படும், நசுங்கிய துடிப்பு மட்டும் மிஞ்சும். ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல், உச்சத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரை நிறுத்துங்கள். மின்னல் எஃப்எம், ராகா போன்ற வானொலிகளுக்கு அனுப்புவதாக இருந்தாலும் இதுவே பொருந்தும், ஏனெனில் வானொலி ஒலிபரப்பில் பாடலின்மேல் மேலும் ஒரு கம்ப்ரெஷன் நடக்கும். முன்பே நசுங்கிய பாட்டு அதில் கரகரக்கும்.

வேலை முடிந்ததும் முழுக் கலவையோடு நிற்காமல், குரல் இல்லாத கரோக்கே வடிவம், முதன்மைக் குரல் மட்டும் நீங்கித் துணைக்குரல்கள் உள்ள மேடை வடிவம், குரல் மட்டும் உள்ள வடிவம், ஒவ்வொரு பிரிவும் தனித்தனியான ஸ்டெம்கள் ஆகியவற்றையும் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து 24 பிட் வேவ் கோப்புகளாக எடுத்து, கணினியிலும் வெளி வன்தட்டிலும் ஒவ்வொரு படி வையுங்கள். கோப்பின் பெயரில் பாட்டின் பெயர், டெம்போ, சுருதி, தேதி நான்கும் இருக்கட்டும். திருமண நிகழ்ச்சிக்கோ கோயில் திருவிழா மேடைக்கோ திடீரென்று டிராக் கேட்டு அழைப்பு வரும்போது, பழைய ப்ராஜெக்டைத் திறந்து, இல்லாமல் போன பிளக்-இன்களைத் தேட வேண்டிய நிலை வராது.